பிறைக்கு ஒரு கையொப்பம்

தோஹா
ஒக்டோபர் 25

அன்புள்ள ஜுமானா மதினிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்களுக்கும் உம்மாவுக்கும் அல்லாஹ் பொறுமையைத் தரட்டும். ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா? உம்மாவின் முழங்கால் வலி எப்படி? நான் சுகம். இங்கே வெயில் இன்னும் இறங்கவில்லை.

நீங்கள் நாலு மாதம் பத்து நாள் இத்தாவில் வீட்டோடு இருக்கும்வரை உங்களோடு போனில் பேசக் கூடாது என்று உம்மா தடை போட்டுவிட்டா. “அன்னிய ஆம்புளட கொரல் அவட காதுல விழப்படாது, வெளங்கிச்சா?” என்றா. “நான் நீங்க பெத்த புள்ளதானே உம்மா?” என்றேன். “எனக்குத்தான் புள்ள. அவளுக்கு அன்னியம்” என்றா. கணவனின் தம்பி அந்நியன் என்பதுதான் மார்க்கச் சட்டம். எழுத்து என்றால் ஓடி ஒளிகிற என்னைப் பக்கம் பக்கமாக எழுத வைத்துவிட்டா. மின்னஞ்சல்தான் என்றாலும் ஸலாம் சொல்லித் தொடங்கி ஒழுங்காக முடிக்க வேண்டுமாம், அதையும் சொன்னா.

விஷயம் இதுதான். என்னோடு கூடப்பிறந்த நஜாத் நானாவை எத்தாளை மையவாடியில் அடக்கி மூன்று கிழமையாகிறது. நான் டிக்கெட் தேடி முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. கற்பிட்டியிலிருந்து வண்ணாத்திவில்லு வரை பள்ளிவாசல்களின் சுவரில் நானா செய்து மாட்டிய வக்துப் பலகைகள் இருக்கின்றனவே, ஐந்து நேர ஜமாஅத் தொழுகையையும் பிறைத் திகதியையும் சிவப்பு மின்னெழுத்தில் காட்டுகிறவை, அவற்றுக்கு இந்த மாதம் புதுப் பிறை போகாது என்றுதான் நினைத்திருந்தேன். யார் அனுப்புவது?

சோதனைக்கென்று நானா எனக்கும் ஒன்று தந்தார், என் அறைச் சுவரில் தொங்குகிறது. காலையில் எழும்பிப் பார்த்தால் அது புது மாதத்துக்கு மாறி இருக்கிறது. பதிவைத் திறந்தேன். “கையொப்பம் சரி. இட்டவர்: முஹம்மது நஜாத்.” பிறை பார்த்த இரவின் நேரம்.

அப்படியே கதிரையில் இருந்துவிட்டேன். மதினி, அதை யார் அனுப்பியது?

துஆவுடன்,
ஸப்ரான்


எத்தாளை
நவம்பர் 2

ஸப்ரான் தம்பிக்கு,

வஅலைக்கும் ஸலாம். மாமியின் முழங்கால் அப்படியேதான், எண்ணெய் தேய்க்கிறா. நான் சாப்பிடுகிறேன். வைத்தால் சாப்பிடுகிறேன்.

அனுப்பியது நான். மஃரிபுக்குப் பிறகு பிறை அறிவிப்பு வானொலியில் வந்தது. மாதாமாதம் போல கோப்பைத் திறந்து முடிகிற மாதத்துக்கு இருபத்தொன்பதா முப்பதா என்று இலக்கத்தைப் போட்டேன். அந்த ஒரு இலக்கம்தான் எப்போதும் என் வேலை. மற்றதையெல்லாம் அவர் எழுதிவைத்த ஸ்கிரிப்ட் செய்தது. தகவல் பொதியைக் கட்டியது, கையொப்பம் இட்டது, பலகைகளுக்கு அனுப்பியது. நான் எதையும் யோசித்துச் செய்யவில்லை. கை பழக்கத்தில் செய்தது. பிறகு திரையில் அவருடைய பெயர் வந்தது. அதைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

நான் இன்னும் அழவில்லை. இதை உங்களிடம் சொல்வதில் பிழையில்லை என்று நினைக்கிறேன். பெண்கள் வருகிறார்கள், என் முகத்தைப் பார்க்கிறார்கள், நான் அழவில்லை என்று அவர்கள் அழுகிறார்கள். பல்லுப் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னம் ஒன்று இருக்குமே, தொட்டால் வேறு யாருடையதோ போல, எனக்கு முழு உடம்பும் அப்படி இருக்கிறது.

அவருடைய பெயரில் அது போனது பிழையா? பிழை என்றாலும் நிறுத்த எனக்கு விருப்பமில்லை. உங்களுக்குத் தெரிந்ததை எழுதுங்கள்.

வஸ்ஸலாம்,
ஜுமானா


தோஹா
நவம்பர் 10

அன்புள்ள மதினிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வீட்டில் எல்லோரும் சுகம் என்றே நினைத்து எழுதுகிறேன். எனக்குத் தடிமன் பிடித்தது, மாறிவிட்டது.

பிழையா இல்லையா என்பதை மௌலவியிடம் கேட்க வேண்டும், நான் இயந்திரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அந்தப் பலகைகள் நானாவின் கையொப்பம் இல்லாத பொதியைத் தொடாது. கண்டவன் புகுந்து பாங்கு நேரத்தை மாற்றிவிடக் கூடாதென்று அப்படிச் செய்தார். கையொப்பம் இடுகிற சாவி உங்கள் அறையில் இருக்கிற கணினியில் இருக்கிறது. சாவியைத் திறக்க ஒரு கடவுச்சொல் வேண்டும். கணினியைக் கடைசியாகப் போட்ட அன்று நானா அதை ஒருதடவை அடித்திருக்கிறார். கணினி அதை நினைவில் வைத்துக்கொண்டு இருக்கிறது, அவ்வளவுதான். மற்றவர்கள் அந்த நினைவை ஒரு மணித்தியாலம், மிஞ்சினால் ஒரு நாள் வைப்பார்கள். நம்முடைய ஆள் திரும்பத் திரும்ப அடிக்கப் பஞ்சிப்பட்டு, வருஷக் கணக்கில் போட்டு வைத்திருக்கிறார். இந்தச் சோம்பலுக்கு நான் முன்பு திட்டியிருக்கிறேன். இப்போது வாயை மூடிக்கொள்கிறேன்.

ஆனால் கணினி ஒருமுறை நின்றால் அந்த நினைவு போய்விடும். பிறகு கடவுச்சொல் தெரியாமல் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. உங்களுக்கு அது தெரியுமா?

இன்னொன்று. அந்தச் சாவிக்கு ஆயுள் பெப்ரவரி பதினைந்து வரைக்கும்தான். ரமழான் பிறை அதற்குச் சில நாள் பிந்தி. சாவி காலாவதியானால் பலகைகள் நோன்புக்கு முந்திய மாதமான ஷஃபானிலேயே நின்றுவிடும். ஸஹர் முடிவும் காட்டாது, நோன்பு திறக்கிற நேரமும் காட்டாது. கணினி நிற்காமல் இருந்தால் அதற்கு முன் சாவியின் ஆயுளை இரண்டு வருஷம் நீட்டிவிடலாம். நானாவின் பெயரிலேயே ஓடும். விருப்பமா?

உம்மா உங்களிடம் ஏதும் கதைத்தாவா? பிறகு என்ன செய்வது என்பதைப் பற்றி. சும்மா கேட்கிறேன்.

கணினியை மட்டும் நூத்துவிடாதீர்கள்.

உங்கள் நலத்துக்கு துஆ கேட்கும்,
ஸப்ரான்


எத்தாளை
நவம்பர் 17

ஸப்ரான் தம்பிக்கு,

வஅலைக்கும் ஸலாம். தடிமன் மாறியது நல்லது. இங்கே மழை தொடங்கிவிட்டது.

கடவுச்சொல் எனக்குத் தெரியாது. அவர் அடிக்கும்போது “அங்கால பாருங்கோ” என்பார். நானும் அங்கால பார்ப்பேன். விளையாட்டுக்குத்தான். ஒருநாள் திரும்பிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

சாவியை நீட்டுவது எனக்கு விருப்பம். இரண்டு வருஷத்துக்கு மேலும் நீட்ட முடியும் என்றால் நீட்டுங்கள்.

கணினி என் அறையில்தான் ஓடிக்கொண்டு இருக்கிறது. விசிறி இரைகிறது. மாமி வந்து, “அத நூத்துட்டுப் படுங்க மகள், நித்திரை வராது” என்கிறா. வேலை இருக்கிறது என்றேன். “இத்தாவுல என்ன வேலை?” என்று கேட்டுவிட்டுப் போனா. இயந்திரம் அவருடைய சொல்லை வைத்துக்கொண்டு இருக்கிறது என்று நான் அவவிடம் எப்படிச் சொல்வது?

மாமி வேறு ஒன்றும் கதைக்கவில்லை.

வஸ்ஸலாம்,
ஜுமானா


தோஹா
டிசம்பர் 3

மதினி,

அஸ்ஸலாமு அலைக்கும். புயல் செய்தி பார்த்ததில் இருந்து கை கால் ஓடவில்லை. புத்தளம் பாதை தண்ணீருக்குள் கிடக்கிறதைக் காட்டினார்கள். உம்மாவின் போன், உங்கள் தம்பி அஸ்ஜத்தின் போன், பக்கத்து வீட்டுப் போன், ஒன்றும் போகவில்லை. இந்தக் கடிதமும் போய்ச் சேருமோ தெரியாது.

கணினி கிடக்கட்டும். நீங்களும் உம்மாவும் சுகம் என்று ஒரு வரி போதும்.

ஸப்ரான்


எத்தாளை
டிசம்பர் 12

ஸப்ரான் தம்பிக்கு,

வஅலைக்கும் ஸலாம். எல்லோரும் சுகம், அல்ஹம்துலில்லாஹ். உங்கள் கடிதம் இன்றுதான் வந்தது. தண்ணீர் முற்றத்தோடு நின்றுவிட்டது. பின்பக்க வேலி விழுந்தது, முருங்கை மரம் விழுந்தது. கோழிகள் இல்லை. கரண்ட் நேற்றுத்தான் வந்தது.

கணினி நிற்கவில்லை, அதற்குள் இருக்கிற பெட்டரி முதல் சில மணித்தியாலம் தாங்கியது. கரண்ட் போனதும் அஸ்ஜத்தைக் கூப்பிட்டுத் தோணியில் வெளிச்சத்துக்கு வைக்கிற பெரிய பெட்டரியைக் கேட்டேன். “லாத்தா, சனத்துக்கு போன் சார்ஜ் பண்ண வழியில்ல, ஒங்களுக்கு கொம்பியூட்டரா?” என்று மூத்தவள் என்றும் பார்க்காமல் ஏசினான். ஏசிக்கொண்டே இடுப்பளவு தண்ணீரில் தலையில் தூக்கிக்கொண்டு வந்தான். பிறகு இன்னொன்றும் கொண்டு வந்து, தோணி எஞ்சினில் சார்ஜ் பண்ணி மாறி மாறி வைத்தான். மாமி மாத்திரைகளைத் தேடி இருட்டில் தடவிக்கொண்டு இருந்தா, நான் விளக்குக்குக்கூட அந்தப் பெட்டரியில் இருந்து கொடுக்கவில்லை. இதைச் சொல்லும்போது எனக்கு வெட்கமாக இருக்க வேண்டும். வெட்கமும் வரவில்லை.

ஒரு பிரச்சினை. கரண்ட் வந்ததும் மாறின ஜமாஅத் நேரங்களை அனுப்பினேன். மற்ற ஊர்கள் எடுத்துக்கொண்டன. பள்ளிவாசல்துறைப் பலகை மட்டும் எடுக்கவில்லை. “இந்தக் கையொப்பம் எதிர்காலத்தில் இடப்பட்டது” என்று சொல்லி மறுக்கிறது. அதன் அர்த்தம் எனக்கு விளங்கவில்லை.

வஸ்ஸலாம்,
ஜுமானா


தோஹா
டிசம்பர் 15

அன்புள்ள மதினிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கடிதம் கண்ட பிறகுதான் சோறு இறங்கியது. உம்மாவோடும் கதைத்தேன். கோழிகளுக்காக இன்னும் அழுகிறா.

பள்ளிவாசல்துறைப் பலகைக்குள் மணிக்கூட்டுக்கென்று தனி பெட்டரி இல்லை. கரண்ட் போனால் நேரத்தை மறந்துவிடும், வந்ததும் இணையத்தில் கேட்டுத் திருத்திக்கொள்ளும். அங்கே இணையம் இன்னும் வரவில்லை போல. நீங்கள் அனுப்பிய பொதி அங்கே உள்ளவரின் போன் வழியாக ஒரு நிமிஷம் போய்ச் சேர்ந்திருக்கும், நேரம் திருந்தவில்லை. ஆகவே பலகை, தான் செய்யப்பட்ட நாளுக்கே திரும்பிப் போய்விட்டது. அதன் கணக்கில் இப்போது போன வருஷம். நீங்கள் இன்று இட்டது அதற்கு இனிமேல் வரப்போகிற கையொப்பம். போன வருஷம் என்றால் நானா ஹயாத்தாக, உயிரோடு ஏணியில் ஏறி அந்தப் பலகைக்கு ஆணி அடித்துக்கொண்டு இருந்த நேரம். இதை எழுதியிருக்க வேண்டாமோ தெரியாது, எழுதிவிட்டேன்.

மருந்து சுலபம். யாராவது போய்த் திகதியைக் கையால் திருத்தினால் போதும்.

சாவி நீட்டுவதை நான் இங்கிருந்தே செய்கிறேன். உங்கள் கணினிக்குள் வர எனக்கு ஒரு வழி திறந்து தாருங்கள், எப்படி என்று கீழே எழுதியிருக்கிறேன். ஷஃபான் பிறைப் பொதியோடு சேர்த்து நீட்டின சாவியை அனுப்பிவிடலாம். நீங்கள் எதையும் யோசித்துக் கஷ்டப்பட வேண்டாம், எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொள்கிறேன்.

உம்மா உங்களிடம் இதற்குள் கதைத்திருப்பா என்று நினைக்கிறேன். என்னிடம் கதைத்தா. 

துஆவுடன்,
ஸப்ரான்


எத்தாளை
டிசம்பர் 27

ஸப்ரான் தம்பிக்கு,

வஅலைக்கும் ஸலாம். எல்லோரும் சுகம். மாமிக்கு யாரோ இரண்டு கோழிக்குஞ்சு கொடுத்தார்கள்.

அந்தப் பலகையைத் திருத்த வேண்டாம் என்று மூன்று நாள் விட்டு வைத்திருந்தேன். எந்த நாளில் நிற்கிறதோ அந்த நாளிலேயே நிற்கட்டும் என்று நினைத்தேன். பிறகு அங்கே ஒருவர் அதைப் பார்த்துப் பஜ்ருத் தொழுகையைத் தவறவிட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டு அஸ்ஜத்தை அனுப்பினேன். இப்போது சரி. ரஜப் பிறைப் பொதியும் எல்லா ஊருக்கும் போய்விட்டது.

நீங்கள் எழுதியபடி வழி திறந்துவிட்டேன்.

நோன்புக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்று மாமி சொல்கிறா. உங்கள் பழைய அறையையும் துப்புரவாக்கி, புது மெத்தை வாங்க அஸ்ஜத்திடம் சொல்லியிருக்கிறா. ஏன் என்று நான் கேட்கவில்லை.

வஸ்ஸலாம்,
ஜுமானா


எத்தாளை
ஜனவரி 22

ஸப்ரான் தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகம் விசாரிக்க எனக்கு இன்று மனம் இல்லை, மன்னியுங்கள்.

பிறை தேடும் நாளில் இங்கே வானம் மூடிக் கிடந்தது. எங்கேயும் பிறை தென்படவில்லை, ரஜபை முப்பதாகப் பூர்த்தி செய்வது என்று அறிவித்தார்கள். நான் இலக்கத்தைப் போடக் கணினிக்கு முன் வந்தேன். எனக்கு முன்பே இருபத்தொன்பது என்று போட்டு, பொதி கட்டி, கையொப்பம் இட்டு, அனுப்பி முடிந்திருந்தது. அதற்குள் கரை முழுவதும் ஷஃபான் ஒன்று என்று எரிந்துகொண்டு இருந்தது.

நான் முதலில் இயந்திரம் பிழை விட்டுவிட்டது என்று நினைத்தேன். ஒரு நிமிஷம் வேறு மாதிரியும் நினைத்தேன், அதை எழுத மாட்டேன். பிறகு பதிவைப் பார்த்தேன். நீங்கள் உள்ளே வந்திருக்கிறீர்கள்.

உங்களுக்கு தோஹாவில் பிறை கண்டிருக்கும். எங்களுக்குக் காணவில்லை. நீங்கள் எத்தாளையில் பிறந்து வளர்ந்தவர், அங்கத்தைய பிறை வேறு, இங்கத்தைய பிறை வேறு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? ஒவ்வொரு வருஷமும் நீங்கள் எங்களுக்கு ஒரு நாள் முந்திப் பெருநாள் வாழ்த்துச் சொல்ல, அவர் சிரிப்பார்.

பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருக்கிற நெய்னார் ஹாஜியார் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார். நான் உள்ளே இருந்தேன். மாமியிடம் அவர் சொன்னது எனக்குக் கேட்டது. “நஜாத் இரிக்கக்குள்ள ஒரு பிறையும் பிழைச்சதில்ல. இப்ப அவன்ட பேரப் போட்டு என்ன வேலை இது? காணாத பிறைக்கு அவன் சாட்சி சொன்ன மாதிரியல்லவா ஈக்கி?” மாமி என் இத்தாவை எண்ணுவதும் பள்ளிப் பலகையின் பிறைத் திகதியை வைத்துத்தான். நான் ஒரு நாள் முந்தி வெளியே வந்திருப்பேன்.

நாற்பது பள்ளியிலும் அவருடைய பெயரில் பொய்ச் சாட்சி போயிருக்கிறது. எனக்குக் கோபம் வந்தது. அவருடைய பெயரை யாரோ சட்டை மாதிரி எடுத்துப் போட்டுக்கொண்டு போனது போல இருந்தது. முதன்முதலாக அதைச் செய்தது நான்தான் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. என் இலக்கம் சரி, கையொப்பம் பொய்.

திருத்தின பொதியை அனுப்பிவிட்டேன். நீங்கள் வரும் வழியை அடைத்துவிட்டேன். சாவியை நீட்ட வேண்டாம்.

ஜுமானா


தோஹா
ஜனவரி 25

அன்புள்ள மதினிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கடிதத்தை வேலைத்தளத்தில் வாசித்துவிட்டுக் கழிவறைக்குள் போய் நின்றேன். என்ன சொல்வது? இங்கே பிறை கண்டுவிட்டது என்று பக்கத்தில் இருப்பவர்கள் முபாறக் சொன்னார்கள், நீங்கள் சிரமப்பட வேண்டாமே என்று போட்டேன். எத்தாளையின் வானத்தை நான் யோசிக்கவே இல்லை. ஊரில் இல்லாதவன் ஊருக்குப் பிறை சொன்னால் இப்படித்தான். மன்னித்துக்கொள்ளுங்கள். நெய்னார் ஹாஜியாருக்கும் போன் பண்ணி என் பிழை என்று சொல்லிவிட்டேன். அரை மணித்தியாலம் ஏசினார்.

சாவியை நீட்டவில்லை. ஆனால் நோன்பு வருகிறது, பலகைகளுக்கு ஒரு கையொப்பம் வேண்டும். வழி இதுதான். புதுச் சாவி ஒன்று செய்யுங்கள். அதை ஒரு பொதியில் வைத்துப் பழைய சாவியால் கையொப்பம் இட்டு அனுப்புங்கள். பழையதை நம்புகிற பலகைகள் அதன் சொல்லைக் கேட்டுப் புதியதையும் நம்பும். எல்லாம் எடுத்து முடிந்த பிறகு பழைய சாவியை ரத்துச் செய்யலாம், அல்லது சும்மா விட்டால் பதினைந்தாம் திகதி தானாகக் காலாவதியாகும். ரத்துச் செய்தால் காரணம் கேட்கும். இரண்டாம் இலக்கத்தை அழுத்துங்கள், அதுதான் முறை. கட்டளைகளைக் கீழே வரிசையாக எழுதியிருக்கிறேன்.

புதுச் சாவி செய்யும்போது பெயர் கேட்கும். என் பெயரைப் போடுங்கள். நானாவுடைய இடத்தில் இருந்து இனி எல்லாவற்றையும் நான்தான் பார்க்க வேண்டும் என்று உம்மா சொல்கிறா. பெருநாளைக்கு என்னை லீவு போட்டு வரச் சொல்கிறா. எல்லாவற்றையும் என்று அவ எதைச் சொல்கிறா என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் அவவிடம் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று ஒரு வரி எழுதினால் நல்லது.

என்றும் துஆவுடன்,
ஸப்ரான்


எத்தாளை
பெப்ரவரி 20

அன்புள்ள ஸப்ரான் தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ரமழான் முபாறக். உங்களுக்கு இங்கத்தைவிட ஒரு நோன்பு கூடியிருக்கும். களைப்பில்லாமல் பிடிக்க அல்லாஹ் உதவி செய்யட்டும். மாமி சுகம், எனக்கும் சுகம். என் இத்தா முடிந்துவிட்டது. இனி நீங்கள் போன் எடுக்கலாம். இருந்தாலும் இதை எழுத்தில்தான் சொல்ல வேண்டும் என்று இவ்வளவு நாள் பதில் போடவில்லை.

ரமழான் பிறைப் பொதியை எல்லாப் பலகைகளும் எடுத்துக்கொண்டன. வண்ணாத்திவில்லில் சிக்னல் இல்லாத ஒரு பள்ளி மட்டும் புதுச் சாவியை எடுக்காமல் இருந்தது, அஸ்ஜத் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, சேற்றில் விழுந்து எழும்பி வந்தான். உங்கள் அறைப் பலகையிலும் பார்த்திருப்பீர்கள். “கையொப்பம் சரி. இட்டவர்: ஜுமானா.” பெயர் கேட்டால் உங்கள் பெயரைப் போடச் சொன்னீர்கள். நான் என் பெயரைப் போட்டேன். இங்கே வானொலியைக் கேட்டு இலக்கம் போடுகிறவள் நான். பிழைத்தால் நெய்னார் ஹாஜியார் என் பெயரைச் சொல்லி ஏசட்டும்.

மாமி கதைக்கவில்லை என்று உங்களுக்கு எழுதினேன், அது உண்மையில்லை. நாற்பதாம் நாளுக்கு முன்பே நிக்காஹ் பேச்சை எடுத்துவிட்டா. நான் கேட்காத மாதிரி இருந்தேன். இத்தா முடிந்த அன்று அவ கஞ்சிக்கு அரிசி புடைத்துக்கொண்டு இருந்தா, நானே பக்கத்தில் போய் இருந்தேன். “மாமி, ஸப்ரான் எனக்குத் தம்பி. அஸ்ஜத் எப்பிடியோ அப்பிடித்தான். அவர வரச் சொல்லுங்க, பெருநாளைக்கு ஒங்களப் பாக்க வரட்டும். எனக்காக வேணாம்” என்றேன். மாமி அரிசியைப் பார்த்துக்கொண்டே, “அப்ப நீங்க இந்த வூட்டுல இரிப்பீங்களா மகள், போயிருவீங்களா?” என்று கேட்டா. இருப்பேன் என்றேன். “நீங்க போயிருவீங்களோண்டுதான் எனக்குப் பயம்” என்றா. அவவின் திட்டம் முழுவதும் அந்தப் பயம்தான் தம்பி. நீங்கள் இல்லை என்று சொல்ல வேண்டிய தேவை இனி இல்லை. உங்களுக்கும் அது ஆறுதலாக இருக்கும் என்று உங்கள் கடிதங்களை வாசிக்கும்போதே எனக்கு விளங்கியது.

இனி, பழைய சாவி. தானாகக் காலாவதியாக விட்டுவிடலாம் என்று நீங்கள் எழுதினீர்கள். எனக்கு அது முடியவில்லை. அவருடைய பெயர், கடையில் வைத்துப் பழசாகிப்போன பாலைப் போல, ஒரு திகதி வந்து முடிந்து போவதை நான் விரும்பவில்லை. இத்தா முடிந்த மறுநாள் ழுஹர் தொழுதுவிட்டு வந்து கணினிக்கு முன் இருந்தேன். நீங்கள் எழுதிய கட்டளையை அடித்தேன்.

ஏன் ரத்துச் செய்கிறாய் என்று கேட்டு, பூச்சியத்தில் இருந்து மூன்று வரை இலக்கமிட்டு நான்கு காரணம் காட்டியது. காரணம் எதுவுமில்லை என்பது ஒன்று. சாவி களவு போய்விட்டது என்பது ஒன்று. இதற்குப் பதில் வேறொன்று வந்துவிட்டது என்பது ஒன்று. இனிமேல் பயன்பாட்டில் இல்லை என்பது கடைசி. உலகத்தில் எத்தனை பேர் சாவியை விட்டுவிட்டுப் போகிறார்கள், அதற்கென்று ஒரு இலக்கம் இல்லை. நீங்கள் இரண்டை அழுத்தச் சொன்னீர்கள். இதற்குப் பதில் வேறொன்று வந்துவிட்டது என்பதுதான் இரண்டு. முறை அதுவாக இருக்கலாம், எனக்கு விரல் போகவில்லை. அவருக்குப் பதில் ஒன்றும் வரவில்லை தம்பி. கடைசியில் இருந்த மூன்றை அழுத்தினேன்.

பிறகு, விரும்பினால் விளக்கம் எழுதலாம் என்று ஒரு வெற்று இடம் காட்டியது. இத்தனை மாதமாக வந்தவர்களிடமும் போனவர்களிடமும் உங்களிடமும் நான் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை, எழுதவில்லை. ‘அதற்குப் பிறகு’ என்பேன், ‘அவர் இல்லாதபோது’ என்பேன். அந்த இடத்தில் எழுதினேன். “இந்தச் சாவிக்குரிய முஹம்மது நஜாத் ஒக்டோபர் ஐந்தாம் திகதி காய்ச்சலில் மவுத்தானார். இதை எழுதுவது அவருடைய மனைவி.”

எழுதும்போதே கண்ணீர் வந்துவிட்டது. நான் சத்தம் போட்டு அழுதேன், மாமி ஓடி வந்தா, வந்து என்ன ஏது என்று கேட்காமல் என் பின்னால் நின்று தலையைப் பிடித்துக்கொண்டா. எழுத்துக்கள் எனக்குத் தெரியவில்லை, துடைத்துவிட்டுப் பார்த்தேன். நான் எழுதியதை அப்படியே திருப்பிக் காட்டி, “இது சரியா?” என்று கேட்டுக்கொண்டு நின்றது.

ஓம் என்று அடித்தேன்.

வஸ்ஸலாம்,
உங்கள் லாத்தா
ஜுமானா